பிரியதர்ஷினியின் பாஷை

கம்பைநல்லூரைத் தாண்டி, வீடுகள் முடிந்து புளியமரங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. முன்பு அதில் பட்டுப்புழு வளர்த்தார்கள். புழுவில் நட்டப்பட்டவர் கொட்டகையைப் பாஸ்டர் குமாருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே ஜெபம் நடக்கிறது. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் நடக்க வழி. எல்லாருக்கும் தரையில்தான் பாய்.

அந்தப் பாயில் சுமித்ராவுக்கு இடம் இருந்தது. அவள் மகள் பிரியதர்ஷினிக்குத்தான் இல்லை. யாரும் அதை முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிடவில்லை. நல்ல மனிதர்கள் அப்படியெல்லாம் சொல்வார்களா? அவர்களுக்கென்று ஒரு பேச்சு இருக்கிறது.

சுமித்ரா சித்தேரி மலையில் பிறந்தவள். சத்யராஜைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தவள். பிரியா பிறந்தபோது அழவில்லை. அதற்குப் பிறகு கழுத்து நிற்கவில்லை, கை கால்கள் விறைத்துக்கொண்டன, ஒன்பது வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. சத்தம் மட்டும் வரும். நன்றாகவே வரும், தெருமுனை வரை கேட்கும். அந்தச் சத்தத்தில் பசி எது, பயம் எது, ஈரத்தில் கிடக்கிறேன் என்பது எது என்று பெற்றவளுக்கு மட்டும் தெரியும். சத்யராஜ் கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனான். கொஞ்ச காலம் பண்டிகைக்கு வந்தான். பிறகு போன் வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை.

புளி மண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிற காசியம்மாள்தான் சுமித்ராவைக் கொட்டகைக்கு அழைத்து வந்தவள். "எங்க ஆண்டவரு செத்தவனையே எழுப்புனவரு. உம்புள்ளைய எழுப்ப மாட்டாரா?" என்றாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. சுமித்ரா அன்றைக்கே கிளம்பிவிட்டாள். விஷயம் கேள்விப்பட்டு அவள் அம்மா சின்னபொண்ணு மலையிலிருந்து இறங்கி வந்து, "அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையா ஆவப்போவுது பாரு" என்றாள்.

"புருசன் முந்திக்கிட்டாம்மா" என்றாள் சுமித்ரா. சின்னபொண்ணு அடுத்த பஸ்ஸிலேயே மலையேறிவிட்டாள்.

முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பிரியாவின் தலையில் எண்ணெய் பூசி, எல்லாரும் சுற்றி நின்று, கை வைத்து, அழுது ஜெபித்தார்கள். தன் பிள்ளைக்காக வேறொருவர் அழுவதைச் சுமித்ரா அதற்கு முன் பார்த்ததில்லை. சுகம் கிடைக்காவிட்டாலும் அந்த அழுகைக்காகவே அவள் வந்துகொண்டிருப்பாள். ஆனால் மற்றவர்களுக்கு அது போதவில்லை. சாட்சி சொல்கிற நேரத்தில் ஒருவர் எழுந்து பல்வலி போனது என்பார், இன்னொருவர் காணாமல் போன கறவை மாடு திரும்பி வந்தது என்பார். சுமித்ரா தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். எங்கோ ஒரு தடை இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். மலைக்கோயிலில் கட்டிய கயிறு பிள்ளையின் கையில் இருந்தது, அதை அறுத்தார்கள். உபவாசம் இருக்கச் சொன்னார்கள். இருந்தாள், மண்டியில் புளிக் குவியல் மேலேயே மயங்கி விழுந்தாள். கடைசியில் விசுவாசம் பத்தவில்லை என்று முடிவானது. விசுவாசத்தை அளக்கிற படி எந்த மண்டியிலும் கிடையாது. இருந்தாலும் அளந்து பார்த்துக் குறைவு என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பிரியாவின் சத்தம் எல்லார் காதிலும் விழத் தொடங்கியது. பிரசங்கம் நடக்கும்போது கத்துவாள். ஒரு நாள் பாஸ்டரம்மா கோகிலவாணி வந்து சுமித்ராவின் தோளில் கை வைத்து, "புள்ளைக்கு உள்ள புழுக்கமா இருக்குதில்ல சுமித்ரா? வெளிய புங்கமரத்தடியில காத்து நல்லா வரும். உனக்காகவே ஸ்பீக்கர அந்தப் பக்கம் திருப்பி வெக்கச் சொல்லிட்டேன். எல்லாமே கேக்கும்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அன்பாகச் சொன்னதால் மறுத்துப் பேச வழியில்லாமல் போனது.

அன்றிலிருந்து தாயும் மகளும் மரத்தடியில். உள்ளே பாட்டு, வெளியே ஸ்பீக்கர். பங்குனி பிறந்து வெயில் ஏறிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதுதான் கடைசி என்று சுமித்ரா தீர்மானித்துக்கொண்டு வந்தாள். சொல்லாமல் நின்றுவிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஆராதனை முடிந்ததும் காசியம்மாளிடம் சொல்லிவிட்டுப் போவதாக இருந்தாள். அதற்கு முன் சொல்ல வேண்டிய இன்னொருவரிடம் மரத்தடியிலேயே சொன்னாள்.

"சாமி, எங்கிட்டக் குத்தம் இருந்தா என்னிய அடிங்க. எம்புள்ள என்னா பண்ணுனா? அவள வெளிய உக்கார வெச்சுட்டு நீங்க உள்ள இருந்தா, அந்த எடம் எங்களுக்கு வேணாங்க. அடுத்த வாரத்துலருந்து நாங்க வரல." சொன்ன பிறகு, இப்படிப் பேசிவிட்டோமே என்று பயமாகவும் இருந்தது.

அன்றைக்கு உள்ளே பேசிக்கொண்டிருந்தவர் வெளியூர்ப் பிரசங்கியார். பெயர் நஞ்சப்பன், தேன்கனிக்கோட்டைப் பக்கம். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவார். ஜெபிக்க ஆரம்பித்தால் கண்ணை இறுக மூடிக்கொள்வார், முடிகிற வரை திறக்க மாட்டார். ஏதோ ஓர் ஊரில் அவர் ஜெபித்துக்கொண்டிருந்தபோது காலடியில் சாரைப்பாம்பு ஊர்ந்து போயிற்றாம், சபை முழுக்க எழுந்து ஓடியும் அவர் மட்டும் ஆமென் சொல்லித்தான் கண் திறந்தாராம். பிரியாவை அவர் பார்த்ததில்லை.

பிரசங்கம் முடிந்து எல்லாரும் சேர்ந்து ஜெபிக்கிற நேரம் வந்தது. அந்தச் சபைகளுக்குப் போகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொருவரும் வாய்விட்டு ஜெபிப்பார்கள். ஜெபம் ஏற ஏறச் சொற்கள் உதிர்ந்துபோய், யாருக்கும் புரியாத ஒரு பேச்சு அவர்கள் நாவில் வரும். அந்நிய பாஷை என்பார்கள். ஆவியானவர் கொடுக்கிற பாஷை, மனிதருக்குப் புரியாது, தேவனுக்குப் புரியும். யாராவது ஒருவர் மட்டும் தனியாக அப்படிப் பேசினால் மற்றவர்கள் அடங்கிவிட வேண்டும். அதன் அர்த்தம் யாருக்கு வெளிப்படுகிறதோ அவர் எழுந்து சபைக்குச் சொல்ல வேண்டும். அது முறை.

ஜெபம் ஏறிக்கொண்டிருந்தபோது மேற்கே இருட்டியது. சடசடவென்று கோடைமழை, கூடவே ஆலங்கட்டி. சுமித்ரா பிள்ளையை அள்ளிக்கொண்டு ஓடி, கொட்டகை வாசலில், செருப்புகளுக்கு நடுவே ஈரத்தோடு உட்கார்ந்தாள். கரண்ட் போயிற்று. மைக் செத்தது. தகரத்தின் மேல் ஆலங்கட்டி விழுகிற சத்தமும், உள்ளே அத்தனை பேரும் அவரவர் பாஷையில் கூப்பிடுகிற சத்தமும் ஒன்றாகி, காது அடைத்தது. அந்த இரைச்சலுக்குள் பிரியாவும் கத்த ஆரம்பித்தாள்.

வாயைப் பொத்தப் போன கையைச் சுமித்ரா பாதியில் நிறுத்தினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே யார் வாயிலும் சொல் இல்லை, பிரியாவின் வாயிலும் இல்லை. பிறந்ததிலிருந்து முதல் முறையாக அவள் சத்தம் மற்றவர்கள் சத்தத்தோடு கலந்து போனது. பொத்தப் போன கையால் சுமித்ரா மகளின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ஆலங்கட்டி மழைக்கு ஆயுசு குறைவு. வந்த வேகத்தில் நின்றது. உள்ளே குரல்களும் ஒவ்வொன்றாகத் தணிந்தன. கடைசியில் ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. நீளமாக ஏறி, உச்சியில் சிரிப்பு மாதிரி உடைந்து, மறுபடி அடியிலிருந்து தொடங்குகிற குரல்.

நஞ்சப்பன் கண்ணைத் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு, குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"ஸ்தோத்ரா, சுவாமி" என்றார் மெதுவாக. "ஆவியானவர் பேசறாரு. யாரும் அசைய வேண்டாம். இதுக்கு அர்த்தம் யாருக்கு வெளிப்படுதோ, அவங்க சொல்லுங்க."

சபைக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாஸ்டர் குமார் எழுந்தார். 'ஐயா, அது ஆவி இல்லை, நோயாளிப் பிள்ளை' என்று சொல்லத்தான் எழுந்தார். வாயைத் திறந்தவருக்கு அந்த வாக்கியம் வெளியே வரவில்லை. அது ஆவி இல்லை என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அந்த நொடியில் தோன்றிவிட்டதாகப் பிற்பாடு மனைவியிடம் சொன்னாராம். பாஸ்டரம்மா பெண்கள் பக்கத்திலிருந்து வாசலைப் பார்த்து, 'தூக்கிக்கிட்டுப் போ' என்று கையால் ஜாடை காட்டினாள்.

சுமித்ராவுக்கு உடம்பெல்லாம் கூசியது. இதற்குத்தானே வரமாட்டேன் என்றேன் சாமி, என்று நினைத்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழப் போனவள், பிரசங்கியாரைத் தவறாக நம்பவிட்டு, பொய்யோடு போகக்கூடாது என்று நின்றாள்.

"ஐயா, மன்னிச்சுக்கோங்க. அது எம்பொண்ணுங்க. அவளுக்குப் பேச்சு வராதுங்க. சும்மா கத்தறாங்க."

நஞ்சப்பன் கண்ணைத் திறந்தார். ஆமென் சொல்லாமல் திறந்தார். வாசலில் நனைந்து நிற்கிற பெண்ணையும், அவள் தோளில் தொங்குகிற பெரிய பிள்ளையையும், வளைந்த கால்களையும் பார்த்தார். அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"நான் அதக் கேக்கல தாயி" என்றார். "அர்த்தம் தெரியுமான்னு கேட்டேன்."

அத்தனை தலைகளும் சுமித்ராவின் பக்கம் திரும்பின. இதுவரை அவளிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார்கள். மாத்திரை கொடுத்தாயா, கயிறு அறுத்தாயா, உபவாசம் இருந்தாயா. உன் பிள்ளை என்ன சொல்கிறாள் என்று கேட்ட முதல் மனிதர் இவர்தான்.

"தெரியுங்க" என்றாள். "இது ஒரு நேரத்துலதாங்க வரும். நான் மண்டியில வேல முடிச்சுட்டுச் சாயந்தரம் வூட்டுக்கு வருவேனுங்க. பகலெல்லாம் தனியாக் கெடப்பா. என்னியப் பாத்ததும் இப்பிடிக் கத்துவா. வந்துட்டியா, வந்துட்டியாங்கறாங்க. வேற எதுக்கும் இந்தச் சத்தம் போடமாட்டா. வேற யாரு வந்தாலும் போடமாட்டா. நான் வந்தா மட்டுந்தான்..."

அங்கே அவள் பேச்சு நின்றது.

தான் எங்கும் போகவில்லை. காலையிலிருந்து பிள்ளையை மடியிலிருந்து இறக்கக்கூட இல்லை. சுமித்ரா குனிந்து மகளைப் பார்த்தாள். பிரியாவின் கண்கள் அவள் மேல் இல்லை. எந்தப் பொருளின் மேலும் நிற்காமல் அலைகிற அந்தக் கண்கள், கொட்டகையின் நடுவே, ஆண்கள் பாய்க்கும் பெண்கள் பாய்க்கும் இடையில் காலியாகக் கிடந்த வழியில் ஓரிடத்தில் நிலைத்திருந்தன. முகம் மலர்ந்திருந்தது. விறைத்த கை, அதற்கு முடிந்த அளவுக்கு, அந்தப் பக்கம் நீண்டிருந்தது. அவள் மறுபடியும் கூப்பிட்டாள்.

"நான் இங்கியேதாங்க இருக்கறேன்" என்றாள் சுமித்ரா. கிட்டத்தட்ட யாருக்கும் கேட்காத குரல். "யாரு வந்திருக்காங்கன்னு எனக்குத் தெரியலீங்க."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காசியம்மாளுக்குக் கை மயிர் எழுந்து நின்றதை அவள் இன்றைக்கும் சொல்கிறாள். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்களில் யாரும் அந்தக் காலி இடத்தைக் காலி என்று நினைக்கவில்லை. வழியோரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள், யாரும் சொல்லாமலே, பாயைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தார்கள். வீட்டுக்குப் பெரியவர் வந்தால் நகர்வோமே, அப்படி நகர்ந்தார்கள். இத்தனை வருடமாக 'ஆண்டவரே, வாரும், வாரும்' என்று மைக் வைத்துக் கூப்பிட்டவர்கள்தான். வந்தால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. நஞ்சப்பன் மெல்ல முழங்காலில் இறங்கி, நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே குனிந்தார்கள்.

பாஸ்டரம்மா கோகிலவாணி மட்டும் எழுந்து நின்றாள். 'போ' என்று ஜாடை காட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாதவள் போல ஒரு கணம் நின்றுவிட்டு, வாசலுக்கு வந்தாள். அவள் முகம் முழுக்க ஈரமாக இருந்தது. பிரியாவுக்கு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"உள்ள கொண்டாம்மா" என்றாள். "அவருக்கு வா சொல்லத் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். அவளப் போயி வாசல்ல வெச்சிருந்தனே."

சுமித்ரா பிள்ளையைக் கொடுக்கவில்லை. தானே தூக்கிக்கொண்டு, குனிந்து கிடந்தவர்களுக்கு நடுவே நடந்து போய், அந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோகிலவாணி பின்னாலேயே வந்து, தன் பாயை விட்டுவிட்டு, வெறுந்தரையில் பிரியாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். பிரியா கத்துவதை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். சுகம் கேட்க வேண்டும் என்பது அன்றைக்குச் சுமித்ராவுக்கு ஞாபகமே வரவில்லை.