துவக்கின் நெற்றி

ரைபிள் கிளப்பில் ஒரு துவக்குக்காகச் சீட்டுக் குலுக்கிப் போட்டபோது வந்தது என் பெயர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோர்வூட் கடைவீதியில் யாரைக் கேட்டாலும், "சுந்தரலிங்கம் முதலாளி துவக்கு வாங்கியிருக்காரு" என்றுதான் சொல்வார்கள். சுந்தரலிங்கம் என் வீட்டுக்காரர். துவக்கு வாங்கியது நான், ஜீவராணி.

லிந்துலைப் பக்கம் கைவிட்ட ஒரு கல்குவாரியில் எங்கள் கிளப் இருக்கிறது. முதலில் சேர்ந்தவர் அவர்தான். நான் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கூடப் போனேன். ஒருநாள் விளையாட்டாக என் கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். நான் சுட்டேன். அவர் சுட்டதைவிட நன்றாகவே விழுந்தது. அடுத்த மாதமே நானும் உறுப்பினர் ஆகிவிட்டேன். பிளாஸ்க் இப்போது அவர் தூக்குகிறார்.

போன வருஷம் ராணுவம் கழித்துப்போட்ட பழைய ரைபிள்கள் கொஞ்சம் கிளப்புக்கு வந்தன. உலக யுத்தக் காலத்துச் சாமான். ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் என்கிற கைப்பிடியைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். புதுத் துவக்கின் விலையில் பாதிகூட இல்லை என்பதால் எல்லோருக்கும் ஆசை. அதனால்தான் குலுக்கல். அதிலும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். துவக்கு கிடைத்தவர் தேர்வில் சுடும் பத்துக் குண்டில் குறைந்தது ஏழு கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். தவறினால் அடுத்த சீட்டில் வந்தவருக்குப் போய்விடும்.

அடுத்த சீட்டில் வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? என் வீட்டுக்காரரேதான்.

"அப்ப என்ன, எப்படியும் வீட்டுக்குள்ளதானே இருக்கப்போகுது!" என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. எங்கள் கடைப் பலகையில் அவர் பெயர். லொறியில் மாமனார் பெயர். எங்கள் வீட்டு நாயைக்கூட முதலாளி வீட்டு நாய் என்கிறார்கள். எனக்கென்று ஒரு சாமான் வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை, அந்த ரைபிளைப் பார்க்கும்வரை. கிரீஸில் முக்கியெடுத்த மாதிரி வந்தது. மண்ணெண்ணெயும் கொதிதண்ணீரும் வைத்துத் துடைத்தேன். கிரீஸுக்கு அடியிலிருந்து சிவப்புக் கட்டை பளபளவென்று வெளியே வந்தபோது எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை, பைத்தியம்.

ஆனால் துவக்கு சரியான அடங்காப்பிடாரி. நடுவில் குறிவைத்தால் குண்டு ஒரு சாண் மேலே போய் விழும். சுவரில் சாய்ந்தும் பார்த்தேன், மணல் மூட்டைமேல் வைத்தும் பார்த்தேன். ஒரு சாண் மேலேதான்.

"இது தூரத்துல சுடுறதுக்குச் செஞ்சது மிஸ். நூறு மீட்டர்ல மேலதான் போகும். குழாய் நுனியில நிக்குற இந்த முன்குறி இன்னும் கொஞ்சம் உசரமா இருக்கணும். கொழும்புல சொல்லியிருக்கேன், சாமான் வரல. அதுவரைக்கும் கீழ பாத்துச் சுடுங்க" என்றார் வீரக்கோன் சார்ஜன்ட். ஓய்வு பெற்ற பட்டாளக்காரர், கிளப்பின் ஆயுத அறை அவர் பொறுப்பு.

கீழே பார்த்துச் சுடு என்றால்? கீழே வெறும் வெள்ளைத் தாள். எதைப் பார்ப்பது? குத்துமதிப்பாகச் சுட்டேன். குண்டும் குத்துமதிப்பாகவே போனது.

தேர்வை விஜயதசமியன்று வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. கடையில் தராசு, டிரில் மெஷின், லொறி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாயிற்று. என் துவக்கு மட்டும் லிந்துலையில் அநாதையாகக் கிடப்பதா? துவக்கு நம்முடையது என்றாலும் அதைக் கிளப்பில்தான் வைக்க வேண்டும். நானும் அவரும் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினோம். சார்ஜன்ட் ஆயுத அறையைத் திறந்துவிட்டு, "வையுங்க மிஸ், குழாய்க்குள்ள மட்டும் வேணாம்" என்றார்.

அங்கேதான் எங்களுக்குள் சண்டை. துவக்குக்கு நெற்றி எது?

"கட்டையிலதான் வைக்கணும். அகலமா இருக்குல்ல" என்றார் அவர்.

"அது தோள்ல முட்டுற எடம். முதுகுப்பக்கம். யாராவது முதுகுல பொட்டு வைப்பாங்களா?" என்றேன். லொறிக்கு எங்கே வைக்கிறோம்? முன்னால், இரண்டு லைட்டுக்கும் நடுவில். துவக்குக்கும் முன்னால்தான் முகம். குழாய் நுனியில் தலைதூக்கி நின்ற அந்தச் சின்ன இரும்புத் துண்டின் உச்சியில் சந்தனத்தைக் குழைத்து அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். சார்ஜன்ட் துடைக்கத் துணியை எடுத்தார். "தொடாதீங்க சார், நாளைக்குக் காலையில கும்பிட்டுத்தான் எடுக்கணும்" என்று தடுத்துவிட்டேன்.

காலையில் சந்தனம் கல் மாதிரி காய்ந்திருந்தது. கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, அந்தப் பொட்டோடு அப்படியே சுடும் இடத்தில் போய்க் குப்புறப் படுத்தேன். கணக்கில் சேராத முதல் குண்டை, வந்தது வரட்டும் என்று நடுவில் குறிவைத்து விட்டேன்.

சார்ஜன்ட் தொலைநோக்கியில் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். "அம்மோ! நடு மத்தியில!"

எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று விட்டேன். அதுவும் அங்கேயே. சார்ஜன்ட் குனிந்து துவக்கின் நுனியைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "முன்குறி உசந்துருச்சு மிஸ்! கொழும்புலேர்ந்து வர வேண்டியத நீங்க கிண்ணத்துல கொண்டாந்துட்டீங்க!"

"இது செல்லுமா சார்?"

"முன்குறியில சுண்ணாம்பு பூசுறவங்க இருக்காங்க. சந்தனம் மட்டும் ஏன் கூடாது? சுடுங்க" என்றார்.

சுட்டேன். முதல் ஐந்தும் கறுப்புக்குள். ஜீவராணி, இன்னும் ரெண்டே ரெண்டுதான்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரம் பார்த்தா வர வேண்டும் இந்தப் பாழாய்ப்போன மழை? பெரிய மழையும் இல்லை, நம்மூர்த் தூறல். என் கண்ணாடியெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ஆறாவது குண்டு மேலே போனது. ஏழாவதும் மேலே. நான்தான் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மூச்சை அடக்கி எட்டாவதை விட்டேன். அதுவும் மேலே. மிச்சம் இருப்பது இரண்டு. இரண்டும் விழுந்தால்தான் துவக்கு எனக்கு. ஒன்று தவறினாலும் அவருக்கு.

போல்ட்டை இழுத்துத் தள்ளிவிட்டுக் கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"ஜீவராணி! சந்தனம் கரைஞ்சு ஓடுது!"

இருபது வருஷமாக என்னை "இந்தா" என்று மட்டும் கூப்பிடுகிற என் வீட்டுக்காரர். சார்ஜன்ட் பாய்ந்து திரும்பினார். "முதலாளி! வாய மூடுங்க! இன்னொரு வார்த்த பேசுனா கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்!"

போல்ட்டைத் திறந்து குண்டை வெளியே எடுத்துவிட்டுப் பார்த்தேன். குழாயில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. முன்குறியின் உச்சி மொட்டையாக நின்றது. கிண்ணத்தில் இருந்த சந்தனமும் மழையில் கூழாகிக் கிடந்தது. என்ன செய்வேன்? நெற்றியில் கை வைத்துக்கொண்டேன். விரலில் தட்டியது என் ஸ்டிக்கர் பொட்டு.

அதைப் பிய்த்தெடுத்தேன். முன்குறியைப் புடைவையால் ஒற்றித் துடைத்து, பொட்டை இரண்டாக மடித்து, உச்சிக்குமேல் கொஞ்சம் தலை நீட்டுகிற மாதிரி ஒட்டி அழுத்தினேன். "சார், இது?" என்றேன். சார்ஜன்ட் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

ஒன்பதாவது, கறுப்பு வட்டத்தின் அடி ஓரத்தைத் தொட்டுக்கொண்டு விழுந்தது. சார்ஜன்ட் அதைச் சொன்னபின் எனக்குப் பயமே போய்விட்டது. பத்தாவதை நிதானமாக விட்டேன். சார்ஜன்ட் தொலைநோக்கியிலிருந்து நிமிர்ந்து எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். நான் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "ஏங்க கத்துனீங்க? பேசாம இருந்திருந்தா துவக்கு உங்களுக்கு வந்திருக்கும்ல?"

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பேசாமத்தான் இருந்தேன். ஆறாவது குண்டுக்கு முன்னாடியே சந்தனம் ஓடுறதப் பாத்துட்டேன். மூணு குண்டு பாத்துக்கிட்டேதான் நின்னேன். அதுக்கு மேல முடியல."

"அடப்பாவி மனுஷா!" என்று கத்தினேன். வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நேரானது. வாயில் வந்ததையெல்லாம் பேசித் தீர்த்தேன். அவர் குற்றம் செய்த பிள்ளை மாதிரி மெதுவாகவே ஓட்டினார்.

நோர்வூட்டில் கடை வாசலில் இறங்கும்போது ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து பிரதாப் ஓடிவந்தான். "முதலாளி, துவக்கு உங்களுக்கே ஆயிருச்சாமே! சார்ஜன்ட்டோட மருமகன் போன் பண்ணி, ஒங்க வீட்டுக்குத்தான்னு சொன்னாரு!"

அவர் நின்றார். பக்கத்துக் கடைகளில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். தலையாட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் விஷயம் முடிந்திருக்கும்.

"எனக்கு இல்லடா. துவக்கு ஜீவராணியோடது" என்றார், கடைவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி. "நான் ஒருத்தன் நடுவுல நின்னு கெடுக்கப் பாத்தேன். அப்படியும் ஜெயிச்சிட்டா."

பிரதாப் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தான். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. கோபம் முழுக்க இறங்கவில்லை, ஆனால் அதற்குமேல் அந்த மனுஷனை நிற்கவைத்து வேடிக்கை பார்க்கவும் எனக்கு மனசு வரவில்லை.

"வர்ற ஞாயித்துக்கெழம நீங்களும் என் துவக்குல ரெண்டு குண்டு சுட்டுக்குங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "மூணா குடேன்."

"மூணுங்கிற வார்த்தைய இன்னிக்கு எங்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.