காய்ச்சல் கண்ட கடிதங்கள்

டாக்டருக்கு வரும் கடிதங்களுக்குக் காய்ச்சல் அடித்தது. எழுதியவர் படுத்திருந்தால் உறை சுட்டது. அவர் தேறினால் உறையும் ஆறியது. உறை ஒட்டிய இடத்தில் விரலை வைத்தால், எங்கோ தொலைவில் துடிக்கும் நாடி இங்கே தெரிந்தது. காய்ச்சலைப் பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகம் பல நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் பாடமாகி, அவர் புகழ் பரவிய வருடத்தில் இது தொடங்கியது. முதலில் கையைச் சுட்டுக்கொண்டவள் அவருடைய அக்கா. தம்பி மனைவியை இழந்தபின் அந்த வீட்டுக்கு வந்து, அவருடைய மகளை வளர்த்து, தபால்களைப் பிரித்து அடுக்கும் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொண்டவள். அன்றிலிருந்து அவள் தபாலை இடுக்கியால் எடுத்தாள். தபால்காரர் கோடையில் முணுமுணுத்தார். குளிர்காலத்தில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தார். விக்கல் நிற்காத ஒரு சங்கீத ஆசிரியையின் கடிதம் மேஜையிலிருந்து துள்ளித் துள்ளி விழுந்ததால் அதன்மேல் ஓர் அகராதியை வைக்க வேண்டியிருந்தது. மருத்துவச் சங்கத்தின் கடிதங்கள் மட்டும் எந்தப் பருவத்திலும் ஜில்லென்றே இருந்தன. அக்கா அவற்றைப் பால் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள், பால் திரியவில்லை.

உலகத்தில் பாதிப் பேர் அவருக்கு எழுதினார்கள். எழுதாதவள் அவருடைய மகள்தான். அப்பாவின் புத்தகத்தைப் படித்தே நர்ஸ் ஆனவள், அதன் மூன்றாம் அத்தியாயம் தப்பு என்று ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். காய்ச்சல்காரரைப் பட்டினி போட வேண்டும் என்பது அந்த அத்தியாயம். பட்டினியால்தான் பாதிப் பேர் சாகிறார்கள் என்பது மகளின் கட்சி. இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது, சூப் ஆறியது. "என் புத்தகத்துல குத்தம் கண்டுபிடிக்கிறவளுக்கு என் வீட்ல என்ன வேலை?" என்றார் டாக்டர். அவள் மறுநாள் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு மலைக்கு அப்பால் உள்ள சுரங்க ஊருக்கு ரயிலேறினாள். அங்கே தொழிலாளர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்பது அக்காவுக்குத் தெரியும். டாக்டருக்கும் தெரியும். ஆனால் ரயில் வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திவிடுவார். வருடங்கள் இப்படியே போயின. புத்தகம் பல பதிப்புகள் கண்டது. மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை.

பிறகு சுரங்க ஊரில், குடலைப் புண்ணாக்கும் விஷக் காய்ச்சல் பரவியது. அங்கிருந்து கடைசியாக வந்த ரயில் ஆட்களை ஏற்றிவரவில்லை, தபால் மூட்டைகளை மட்டும் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு பாதையை அடைத்துவிட்டார்கள். மூட்டைகள் அத்தனையும் டாக்டர் பெயருக்கு வந்தவை. சுகாதார அதிகாரி அவற்றை ரயில்வே கிடங்கில் போட்டுப் பூட்டி, மண்ணெண்ணெய்க்குச் சொல்லி அனுப்பினார். கிடங்கின் தகரக் கூரையில் உட்கார்ந்த புறாக்கள் கால் சுட்டுப் பறந்தன.

சேதி கேட்டு டாக்டர் வீட்டுச் செருப்போடு ஓடினார். பின்னாலேயே அக்கா இடுக்கியோடு ஓடினாள்.

"ஐயா, நீங்க பெரியவர். ஆனா தொத்து வியாதி. எரிச்சுத்தான் ஆகணும்," என்றார் அதிகாரி.

"எரிச்சா அங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க எனக்கு ஆசையும் இல்ல. ஒரு தடவ மூட்டைமேல கை வச்சுப் பாருங்க."

அதிகாரி கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை வைத்தார். சாக்குக்குள் ஒரு கூட்டமே படபடத்தது. சில நாடிகள் ஓடின, சில நொண்டின, பிஞ்சு நாடி ஒன்று அவர் உள்ளங்கையைக் குறுகுறுவென்று தட்டியது. அவர் கையை எடுக்காமலே நின்றார். "என்ன சார் செய்யணும்?" என்று கேட்டபோது அவருடைய குரலில் அதிகாரம் இல்லை. "வண்டி கொண்டு வாங்க," என்றார் டாக்டர்.

நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, கடிதங்களைக் கிடத்தினார்கள். மூச்சுத் திணறியவை தலையணைமேல் சாய்த்து வைக்கப்பட்டன. தெருவே திரண்டு வந்தது. தையற்காரர், ரொட்டிக்கடைக்காரர், பள்ளிக்கூட ஆசிரியைகள், தபால்காரரின் மனைவி, எல்லாரும் ஆளுக்குச் சில கடிதங்களை ஏற்றுக்கொண்டு, ஈரத்துணி போட்டு, விசிறி, பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். மை கலையாமல் துணியை எப்படிப் பிழிவது என்று அக்கா சொல்லிக்கொடுத்தாள். அதிகாரி தம்முடைய அலுவலகத்துக்கு வரும் ஐஸ் கட்டிகளை இங்கே திருப்பிவிட்டார். சுரங்க ஊர் ஆட்களின் நெற்றியில் திடீரென்று குளிர்ச்சி இறங்கியதாகவும், பக்கத்தில் யாரோ விசிறுவதாகத் தோன்றியதாகவும் பிற்பாடு தெரிந்தது. ஒன்றன்பின் ஒன்றாக உறைகள் ஆறின. ஒவ்வொன்று ஆறும்போதும் கூடத்தில் கைதட்டல் எழுந்தது.

மூன்றாவது மூட்டையின் அடியில் அக்காவுக்கு ஓர் உறை அகப்பட்டது. கையெழுத்தைப் பார்த்ததும் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டு வெறும் கையால் எடுத்தாள். அது சுடவில்லை. மற்றவை ஆறிய விதமாகவும் இல்லை. மழையில் நனைந்த கல்லைப்போல் இருந்தது. டாக்டர் விரலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். நூலிழை அளவுக்கு ஒரு துடிப்பு. அக்காவே பிரித்துப் படித்தாள்.

"அப்பா, உங்ககிட்ட சண்டை போடத்தான் எழுதறேன். இங்க நான் யாரையும் பட்டினி போடல. கஞ்சித் தண்ணியாவது குடிக்க வைக்கிறேன். பொழைக்கிறாங்க. உங்க மூணாவது அத்தியாயத்தைத் திருத்துங்க."

டாக்டர் கடிதத்தை இரண்டு கையிலும் ஏந்தினார். "சரிம்மா. நீ சொன்னதே சரி. கண்ணு, நீ சொன்னதே சரி," என்றார். துடிப்பு இன்னும் மெலிந்தது.

"அடப் பாவி," என்றாள் அக்கா, அழுதுகொண்டே. "அவகிட்ட இப்படிக் குழைஞ்சு பேசினா நம்புவாளா? தான் சாகப்போறேன்னுதான் நினைப்பா. சண்டை போடுடா!"

டாக்டர் மூக்கைச் சிந்தினார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, வருடக்கணக்காக அடக்கி வைத்திருந்த குரலில், ஜன்னல் அதிரக் கத்தினார். "கஞ்சித் தண்ணியா? அந்தக் குடல் புண்ணு என்ன நிலைமையில இருக்கும்னு யோசிச்சியா நீ? எத்தனை பேரைப் பார்த்துட்டு இதை எழுதற?" காகிதத்தின் ஓரம் லேசாக வெதுவெதுத்தது. நாடி ஒரு தட்டுத் தட்டியது. டாக்டர் விடவில்லை. கல்லூரிகளின் முடிவுகளை அடுக்கினார், பேராசிரியர்களைச் சாட்சிக்கு இழுத்தார்; ஒவ்வொரு வாதத்துக்கும் உறை கோபத்தில் சூடேறி, அவர் விரலை எதிர்த்துத் தட்டியது. பெஞ்சுகளில் கிடந்த மற்ற கடிதங்கள்கூட வாக்குவாதத்தைக் கேட்பதுபோல் அமைதியாயின. சாயங்காலம்வரை சண்டை நடந்தது. கடைசியில் வாதங்கள் தீர்ந்துபோனது டாக்டருக்குத்தான். கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். இத்தனை பேர் தேறியது ஈரத்துணியால் மட்டும் இல்லை, மலைக்கு அப்பால் அவர் மகள் ஊட்டிய கஞ்சியாலும்தான் என்பது அவருக்கு உறைத்தது. "தோத்துட்டேன்," என்றார், இந்த முறை பல்லைக் கடித்துக்கொண்டு, மனசார. நாடி சீராக, திடமாக, ஜெயித்தவளின் நாடியாக அடித்தது. தையற்காரர் துண்டைத் தூக்கி எறிந்தார். அக்கா தம்பியின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அணைத்துக்கொண்டாள்.

அன்றே டாக்டர் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார். புதிய பதிப்பில் அந்த அத்தியாயம் மகளின் பெயரில் வந்தது. மருத்துவச் சங்கம் கண்டித்து எழுதியது, கல்லூரிகள் திருத்திக்கொண்டன.

பாதை திறந்ததும் சுரங்க ஊர் மொத்தமும் ரயிலேறி வந்து தெருவை நிறைத்தது. பனைமரம் போன்ற ஒரு சுரங்கக்காரர் தையற்காரரைத் தேடிப் பிடித்து, "என் நெத்தியில துணி போட்டது நீங்கதானே? கை கொஞ்சம் முரடுங்க உங்களுக்கு," என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். கூட்டத்துக்குப் பின்னால், மெலிந்த உடம்போடு, நிமிர்ந்த தலையோடு மகள் வந்தாள். டாக்டர் வாசலில் நின்றார். என்ன பேசுவதென்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"குடல் புண்ணைப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கல," என்றாள்.

"உள்ள வந்து சொல்லு," என்றார் டாக்டர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு.