ஸ்டாண்டில் நின்ற சைக்கிள்

இப்போது சனத்துக்குப் பொலிஸ் சைரன் என்றால் வேடிக்கை. ஜீப் ஒன்று எதையாவது துரத்திக்கொண்டு வருகிற சத்தம் கேட்டதும் கொட்டாஞ்சேனையில் பாதிப்பேர் வாசலுக்கு ஓடி வருகிறார்கள். ஒருத்தி பிள்ளையை இடுப்பில் தூக்கிவந்து காட்டுகிறாள். போன மாதம் இதே முனையில் ஒரு மனிதன் செத்தான். அந்த இரத்தத்தைக் கழுவிய தண்ணீர் இவர்களுடைய வாசலால்தான் ஓடியது. ஒருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை.

செத்தவன் இராஜநாயகம். எங்கள் ஒழுங்கைக்காரன். புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் வேலை, போக வர சைக்கிள். அவனுடைய அக்காவின் மகன் வெள்ளவத்தையில் லொட்ஜில் இருந்தபோது, பொலிஸ் விசில் சத்தம் கேட்டுப் பயத்தில் ஓடிவிட்டான். பிடித்து மாதக்கணக்கில் உள்ளே வைத்திருந்தார்கள். ஏன் ஓடினாய் என்பதைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லையாம். அன்றிலிருந்து இராஜநாயகத்துக்கு ஒரு பழக்கம். விசிலோ சைரனோ, யாருக்காக ஊதினாலும், சைக்கிளை விட்டு இறங்குவான். ஸ்டாண்டைப் போடுவான். சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பான். அம்புலன்ஸ் போனாலும் அப்படித்தான்.

நான் பகிடி பண்ணுவேன். "கோயில் மணி அடிச்சாலும் அட்டையைக் காட்டுவாய் போல கிடக்கு."

"சிரியுங்கோ அங்கிள்," என்பான். "ஓடுறவனைத்தான் சுடுவாங்கள். நிக்கிறவனை என்ன செய்யிறது?"

அவன் செத்த அன்று காலையில் நான் முனையிலுள்ள மர்ஸூக்கின் கடைக்கு முன்னால் நின்றேன். இராஜநாயகம் வேலைக்குப் புறப்பட்டு ஒழுங்கையால் வெளியே வந்தான். மேலேயுள்ள சோதனைச் சாவடியில் நிற்காமல் ஒரு வான் பிய்த்துக்கொண்டு வந்தது. பின்னால் பொலிஸ் ஜீப், சைரனோடு. இரண்டு கைவண்டி எதிரெதிரே வந்தாலே உரசுகிற ரோட்டு அது. அதில் அந்த வேகம். மீன்காரி கூடையைப் போட்டுவிட்டுக் சாக்கடைக் கானைத் தாண்டினாள். மர்ஸூக் கடைக்குள் பாய்ந்தான். நான் லைட் போஸ்டுக்குப் பின்னால் போனேன்.

இராஜநாயகம் ரோட்டோரத்தில் இறங்கினான். டக்கென்று ஸ்டாண்ட் போட்டது அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் எனக்குக் கேட்டது. கை சட்டைப் பைக்குள் போனது. வான் அவனைத் தொடாமல் வளைந்து போய்விட்டது. ஜீப்புக்கு வளையவில்லை.

வானைப் பிறகு பிடித்தார்கள். உள்ளே இருந்தது களவெடுத்த டயர்.

பின்னேரமே பொலிஸில் ஒரு கதை கிளம்பிவிட்டது. இராஜநாயகம் இயக்கத்துக்கு வேலை செய்கிறவன், வானைத் தப்பவிடச் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி ஜீப்பை மறித்தான் என்று. சைக்கிள் சப்பளிந்து கிடந்தாலும் ஸ்டாண்ட் போட்டபடி இருந்தது. அதுதான் அவர்களுடைய அத்தாட்சி.

அவன் மனைவி றோஸி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழவில்லை.

"அங்கிள், அப்பிடி எழுதினா பிரேதத்தையும் தரமாட்டாங்கள். வீட்டைக் கிண்டுவாங்கள். தம்பியைக் கொண்டுபோயிடுவாங்கள்."

அவளுடைய தம்பி கிளறன்ஸ் மட்டக்களப்பிலிருந்து வந்து அவர்களோடு தங்கியிருந்தவன். அவன் அப்போதே பின்னறையில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், எங்கே போவதென்று தெரியாமல்.

"நீங்கள் கண்டதைச் சொன்னாக் காணும்," என்றாள்.

நான் மர்ஸூக்கிடம் போய் நீயும் வா என்றேன்.

"நான் உள்ளுக்குப் பாஞ்சிட்டன் அங்கிள். ஒண்டையும் காணல்ல. நாளைக்கும் அவங்கதானே என்ட கடைக்கு முன்னால நிப்பாங்க."

அவன் சொன்னது பொய்யும் இல்லை. நான் தனியே போனேன்.

ஆஸ்பத்திரியில் பிணவறைக்குப் பக்கத்து அறையில் மரண விசாரணை. விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார், நானும் சிங்களத்திலேயே சொன்னேன். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனுக்கு அது வரும்.

"எல்லாரும் விலகினார்கள். அவர் ஏன் விலகவில்லை?"

"விலகினால் ஓடினான் என்பீர்கள்."

"ஸ்டாண்டை ஏன் போட்டார்?"

"சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் ஏறி ஓடப்போகிறான் என்பீர்கள். மறிக்க வந்தவன் அடையாள அட்டையை எதற்கு ஐயா எடுக்கிறான்?"

"அட்டை எங்கே இருந்தது?" என்று அவர் பொலிஸ் பக்கம் திரும்பினார்.

ஜீப்பில் வந்த சார்ஜன்ட் எழுந்தான். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"கையில் சார். விரலை விரித்துத்தான் எடுத்தோம்."

றோஸி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

விபத்து என்று எழுதினார்கள். இறந்தவர் விலகத் தவறியதால் நேர்ந்தது என்றும் எழுதினார்கள். ஜீப் ஓட்டியவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெட்டியைத் தந்தார்கள். கிளறன்ஸைத் தேடி ஒருவரும் வரவில்லை. "காணும் அங்கிள், இவ்வளவும் காணும்," என்று றோஸி என் கையைப் பிடித்தாள். எனக்குப் போதவில்லை. அவளிடம் அதைச் சொல்லி என்ன?

அடக்கம் முடிந்த கிழமையே என் மனைவி டோரின் அந்த முனையால் கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள். லைட் போட்ட பிறகு அவன் அங்கே நிற்கிறானாம். அட்டையோடு கையை முன்னுக்கு நீட்டிக்கொண்டு, ஒருவரும் வாங்கிப் பார்க்காததால் போக முடியாமல் நிற்கிறானாம்.

"உனக்கு விசர்," என்றேன்.

"நீங்கள் மட்டும் ஏன் எதிர்ப்பக்கத்தால போறீங்கள்?" என்று கேட்டாள்.

பேய் பிசாசை நான் நம்புகிறவனில்லை. ஆனால் ஒழுங்கையில் யாராவது சைக்கிளுக்கு ஸ்டாண்ட் போட்டால் எனக்குக் கை ஓடாது, கால் ஓடாது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் வராது. வரவேண்டியது வரட்டும் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். சோற்றுக் கோப்பையோடும் நின்றிருக்கிறேன். டோரின் வந்து தோளில் தட்டினால்தான் அசைகிறேன்.

நேற்று நான் தேயிலை வாங்கப் போனபோது அந்தச் சார்ஜன்ட் மர்ஸூக்கின் கடையில் சிகரெட் வாங்கிக்கொண்டு நின்றான். என்னைக் கண்டு, சிங்களத்தில் தாத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு கிட்ட வந்தான்.

"சீயா, இனிச் சைரன் கேட்டால் ஓரத்துக்கு ஓடிவிடுங்கள். உங்கள் ஆட்களுக்கும் சொல்லுங்கள். ஓடுகிற ஆளை நாங்கள் ஒன்றும் செய்யமாட்டோம்."

முகத்தைப் பார்த்தால் மனதாரத்தான் சொன்னான். அவனுக்கும் நித்திரை இல்லைப் போல, கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஒன்றும் செய்யமாட்டீர்களா?"

"சத்தியமாகச் சீயா."

"அந்தச் சாவடியில் நிற்கிற ஆமிப் பொடியனுக்கும் இது தெரியுமா?"

சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"அவர்கள் வேறு. நான் பொலிஸைத்தான் சொன்னேன்," என்றான்.

"நீங்கள் ஏன் அப்படித் துரத்தினீர்கள்? டயருக்கா?"

"டயர் என்று அப்போது தெரியாதே சீயா."

அவன் சொன்னதிலும் பிழையில்லை. ஆனால் வானுக்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது, ரோட்டில் யார் நிற்கிறானென்றும் தெரியாது, அப்படியும் ஓட்டுவார்கள். நான் விலக வேண்டுமாம். விலகிய பிறகு ஏன் விலகினாய் என்று கேட்கமாட்டார்களாம்.

"நம்புங்கள்," என்றான்.

நான் தேயிலைப் பக்கற்றை எடுத்துக்கொண்டு நடந்தேன். பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொன்னான். திரும்பிப் பார்க்கவில்லை.