மூச்சு விடாதே

மெத்தைக் கடையில் எனக்கு உத்தியோகம் தூங்குவது. சிரிக்காதீர்கள். வாங்க வந்தவர் தயங்கினால் முதலாளி கண்ணைக் காட்டுவார். நான் கண்ணாடி ஜன்னலருகே இருக்கும் பெரிய மெத்தையில் சாய்வேன். சாய்ந்த மாத்திரத்தில் குறட்டை. என் குறட்டையில் எதிர்க்கடை ஷட்டர் தானாக இறங்கியிருக்கிறது. தெருவில் போன லாரி, பின்னால் தன்னைவிடப் பெரிய வண்டி வருகிறதென்று ஒதுங்கி வழிவிட்டிருக்கிறது. "படுத்ததும் இப்படியா தூக்கம் வரும்!" என்று வாய்பிளந்தவர்கள் அந்த மெத்தையையே கட்டச் சொல்வார்கள்.

அந்தப் பஞ்சுத் தூசியில் மூக்கு அடைத்தது அடைத்ததுதான். அதை முகத்துக்கு அலங்காரமாக வைத்துக்கொண்டு, வாயாலேயே காலம் தள்ளினேன். ஓய்வு பெற்றபோது கடையிலேயே பழைய மெத்தை எதுவோ அதைக் கேட்டு வாங்கி வந்தேன். மதியம் சாப்பிட்ட கையோடு அதில் விழுவேன்.

முன்பற்கள் ஆட்டம் கண்டதால் பல் டாக்டரம்மாவிடம் போக வேண்டியதாயிற்று. என் மெத்தைக் கதையைக் கேட்டுவிட்டு அவர் என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஐயா, வாயால மூச்சு விடுவீங்களா?"

"சேச்சே! அப்புறம் மூக்கு எதுக்கு இருக்கு?"

"கண்ணாடி மாட்ட," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரி.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஈறெல்லாம் காஞ்சு சிவந்து கிடக்கு. பல்லுக்கு எச்சில்தான் காவல். தூங்கறப்ப வாயைத் திறந்து போட்டா காவல்காரன் காஞ்சு போயிடுவான், திருடன் உள்ளே வந்துடுவான். பல்லையும் நறநறன்னு கடிச்சுத் தேச்சு வெச்சிருக்கீங்க. அம்மா, தூங்கும்போது இவருக்கு நடுவுல நிக்குதா?"

"நிக்கணும்னுதான் இத்தனை வருஷமா வேண்டிக்கிறேன்... குறட்டையைச் சொன்னேன் டாக்டர்!"

"நான் மூச்சைக் கேட்டேன். பக்கத்துல இருந்து கவனிச்சுப் பாருங்க. தூசி பிடிச்ச அந்தப் பழைய மெத்தையையும் முதல்ல தூக்கிப் போடுங்க."

மெத்தையைத் தொட்டால் வீட்டைவிட்டே போய்விடுவேன் என்று நான் குதித்தேன்.

மறுநாள் மதியம் நான் தூங்க, இவள் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னைக் கவனித்திருக்கிறாள். கவனித்துக்கொண்டே தன் தங்கையிடம் போனில் பேச்சு. "அவர் வெளியே போறப்ப மெத்தையை யாருக்காவது குடுத்துடப் போறேன்டி. அவர்கிட்ட மட்டும் மூச்சு விடாதே!"

சொல்லி வாய் மூடவில்லை, என் குறட்டை அறுந்தது.

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்ததாம். என் மார்பு ஏறவில்லை. உதட்டில் நீலம் படிந்தது. போனில் தங்கை, "அக்கா, என்ன திடீர்னு வீடே அமைதியாயிடுச்சு?" என்று கேட்டிருக்கிறாள்.

"ஐயோ, உங்களைச் சொல்லலைங்க! நீங்க விடுங்க! மூச்சு விடுங்க!" என்று இவள் அலறினாளாம். உடனே நான் கிணற்றின் அடியிலிருந்து வந்தவன்போல் அறையிலிருந்த காற்றையெல்லாம் இழுத்தேன். ஜன்னல் திரையே என் பக்கம் பறந்து வந்ததாகக் கேள்வி.

அதன்பின் எப்போது நின்றாலும், இவள் "விடுங்க" என்றால் மூச்சு வந்தது. அதோடு இவள் தூக்கம் போயிற்று. பகலும் இரவும் கட்டிலருகே காவல். கண் குழி விழுந்தது. காப்பியில் உப்பைப் போட்டாள். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்து, "யாருங்க நீங்க?" என்று கேட்டாள்.

"கொஞ்சம் தூங்குடி."

"நான் தூங்கினா உங்களுக்கு யார் சொல்றது?"

இப்படியே போனால் என் மூச்சைக் காப்பாற்றப்போய் இவள் எனக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அந்தப் பயத்தில் நானே மெத்தையைக் கட்டி வெளியே அனுப்பிவிட்டு, இவளையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"நீங்க சொன்ன வார்த்தைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைம்மா. தூக்கத்துல நாக்கு பின்னால சரிஞ்சு தொண்டையை அடைக்குது," என்று சொல்லித் தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பினார் அவர். அங்கிருந்து, மூக்கில் மாட்டும் குழாய் வழியே அடைப்பையும் மீறிக் காற்றைத் தள்ளும் மெஷினோடு திரும்பினேன். மாட்டினால் தும்பிக்கை முளைத்த கிழவன்.

"இனிமே இது பார்த்துக்கும். நீ படுடி."

தலையணையில் தலை படுவதற்குள் இவள் தூங்கிவிட்டாள். புது மெத்தை பிடிக்காமல் நான் விழித்துக் கிடந்தேன். மெஷினில் சத்தமே இல்லை. வாழ்நாளில் முதன்முறையாக, இவள் மூச்சு என் காதில் விழுந்தது. மெல்லிசாக வந்தது, போனது. வந்தது.

போகவில்லை.

எழுந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு அசையவில்லை. கூப்பிட வாயைத் திறந்தால், மூக்கு வழியாக வந்த காற்று வாய் வழியாக 'ஸ்ஸ்ஸ்' என்று பாய்ந்தது. பேச்சு எழவில்லை. தும்பிக்கையைப் பிய்த்து எறிந்தேன்.

"மூச்சு விடுடி!"

கண்ணைத் திறக்காமல், தெளிவான குரலில் சொன்னாள்: "மாட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

நான் ஒன்றைப் பத்தாக்குகிறவன்தான். இதை மட்டும் அப்படியே சொல்கிறேன்: பேசியபோதும் அந்த மார்பு அசையவில்லை.

தோளைப் பிடித்து உலுக்கினேன். ஒரு பெரிய இழுப்பு இழுத்து எழுந்து உட்கார்ந்தாள். "என்னங்க, வீடு பத்தி எரியுதா?"

"உனக்கும் பரிசோதனை பண்ணணும்."

"எனக்கா? நான் குறட்டையே விடமாட்டேனே!"

"அதான்டி பயமா இருக்கு."

யாரிடம் சத்தியம் செய்தாய் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டு, இவள் சொல்லியும் விட்டால்?

பரிசோதனை அறையில், மூக்கருகே குழாய் பொருத்திய நர்ஸ், "மூச்சை நல்லா இழுத்து விடுங்கம்மா," என்றாள். இவள் இழுத்தாள். விடவில்லை. என்னைப் பார்க்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்வை என் தோளைத் தாண்டிப் போனது. அங்கே வெறும் சுவர்தான் இருந்தது.

அனுமதி கிடைத்தவள்போல் மெல்லத் தலையசைத்துவிட்டு, அதன்பிறகுதான் விட்டாள்.