பாண்டி ஆட்டத்தின் கோடு

திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து மதராஸ் மாநிலத்தோடு சேர்ந்த வருஷம், கிரேஸின் குடும்பம் குடிபாலாவிலிருந்து சித்தூருக்குக் குடிவந்தது. மகள் எலிசபெத்துக்கு ஊரும் அதன் தெலுங்கும் ஒட்டவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் பெண் பிள்ளைகள் பாண்டி ஆடுவார்கள். இவள் விறுவிறுவென்று ஓடிக் கட்டத்துக்குள் குதிப்பாள். உயரமான சந்திரம்மா பிடித்துத் தள்ளுவாள். இவள் அழுதுகொண்டே வருவாள். மறுநாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பாள்.

“கிறிஸ்துமஸ் வரிக்கும் பாக்கலாம். இல்லன்னா குடிபாலாவுல எங்க அக்கா வூட்டுல வுட்டுடறேன். அங்கியே படிக்கட்டும்” என்றான் கணவன் கிருபானந்தம்.

கிரேஸுக்கே இந்த ஊரில் பேச ஒருத்தி இல்லை. பிள்ளைக்கு எதைச் சொல்லித் தருவாள்? அடுத்த ஞாயிறு மகளைப் படியில் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

“இன்னிக்கி ஆட வாணாம். பாத்துக்கினு இருக்கலாம்.”

“என்னாத்த பாக்கறது?”

“புதுசா வர்றவ எப்படி உள்ள போறான்னு.”

ஞாயிறுகள் அப்படியே போயின. “வேதத்துல உப்புத்தூணாப் போன லோத்து பொண்டாட்டி ஒருத்தி போதாதுன்னு எனக்கு ரெண்டு உப்புத்தூணா?” என்று கிருபானந்தம் கேலி செய்தான். இருவரும் அசையவில்லை. வருகிறவர்கள் முதலில் ஓரமாய் நிற்பதை, தூரம் போன சில்லை எடுத்துக் கொடுப்பதை எலிசபெத் கண்டுகொண்டாள். தாய் காணாத ஒன்றையும் கண்டாள்.

“கோட்ட மிதிச்சாளா இல்லியான்னுதாம்மா எப்பவும் சண்ட. கால யாருமே பாக்கறதில்ல.”

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அதே சண்டை. சந்திரம்மா மிதித்துவிட்டாள் என்று எல்லோரும் கத்தினார்கள். எலிசபெத் எழுந்தாள். பாவாடையைப் பிடித்து இழுக்கப் போன கிரேஸின் கை பாதியில் நின்றது.

எலிசபெத் ஓடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று, தடுமாறிய தெலுங்கில், “தொக்கலேது. நேனு சூசானு” என்றாள். மிதிக்கவில்லை, நான் பார்த்தேன். குனிந்து மண்ணில் கால்தடத்தைக் காட்டினாள். கோட்டுக்கும் தடத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருந்தது.

சந்திரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, “நுவ்வு ஆடதாவா?” நீ ஆடுகிறாயா என்று சில்லை நீட்டினாள்.

எலிசபெத் சரியென்று தலையாட்டினாள். ஆனால் சில்லை வாங்காமல், வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

“யாரு பொண்ணும்மா அது?” என்றாள் படியருகே நின்ற ஒருத்தி.

“எம் பொண்ணு” என்றாள் கிரேஸ். வாசலில் நின்ற கிருபானந்தத்துக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். “குடிபாலாவுக்கெல்லாம் அவ போவமாட்டா.”

பிறகு நகர்ந்து இடம் விட்டாள்.

“இப்டி உக்காருங்க. இங்கேர்ந்து பாத்தா நல்லாத் தெரியும்.”