சீர்ப் பட்டியலில் ஒரு தவளை

1953 ஐப்பசியில், மலைக்கிராமமான பூண்டியில், கந்தம்மாளின் ஏழு வயது மகள் கண்மணியின் குரல் ஒரு தவளையிடம் போய்ச் சேர்ந்தது. பூண்டு வயலில் வழுக்கி விழுந்த பிள்ளை அழ வாயைத் திறந்தாள். அழுகை வாய்க்கால் ஓரத்துத் தவளையிடமிருந்து வந்தது. அன்றிலிருந்து அவள் உதட்டை அசைப்பாள், தவளை பேசும். தவளை பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் ஊமை. பழனிக்கு நேர்ந்துகொண்டு மொட்டை போட்டார்கள். முடிதான் திரும்ப வளர்ந்தது.

புருஷனில்லாத கந்தம்மாளுக்கு அதோடு நிம்மதி போயிற்று. தவளையை அடுப்படியில் ஒரு மண்தொட்டியில் விட்டு, மேலே சாக்கைக் கட்டினாள். வெள்ளனே எழுந்து மண்புழு தோண்டினாள், விட்டில் பிடித்தாள். பாம்புக்குப் பயம், பூனைக்குப் பயம். ஊரில் உருளைக்கிழங்குக்குப் பூச்சிப்பொடி தூவ ஆரம்பித்த பிறகு வீசுகிற காற்றுக்கும் பயம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே அதன் வாய் கெட்டால் மகள் வாழ்க்கை கெடும். ஐம்பத்தாறு தை உறைபனியில் அது விறைத்துப்போக, ஒன்பது நாள் மடியில் வைத்துக்கொண்டு சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். பத்தாம் நாள் மடியிலிருந்து, "அம்மா, பசிக்குது" என்று கேட்டதும் உடைந்து அழுதாள்.

அறுபத்து நான்கில் மன்னவனூர் திருமலைச்சாமி தன் மகன் ஞானவேலுக்குப் பெண் கேட்டு வந்தார். அடுப்படிக்குள்ளிருந்தே பேசிய பெண்ணை அடக்கமானவள் என்று மெச்சினார்கள். பித்தளைத் தவலை ஒன்று சீரில் இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள். கந்தம்மாளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் முறியும்; சொல்லாமல் அனுப்பினால் மகள் போன வீட்டில் ஊமையாக நிற்பாள். அந்தக் கவலையோடுதான் சீர்ப் பட்டியல் எழுதினாள். மூன்றாம் வகுப்போடு நின்றவள். நினைப்பெல்லாம் தொட்டியில் இருந்ததால் கை தானாக ளகரம் போட்டுவிட்டது.

தாலி கட்டியதும் திருமலைச்சாமி பட்டியலைச் சபையில் வாசித்தார். குத்துவிளக்கு ரெண்டு, வெண்கலப் பானை ஒண்ணு, தவளை ஒண்ணு. சபை சிரித்தது. எழுத்துப் பிழை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பளபளவென்று தவலையும் அங்கேதான் இருந்தது. கந்தம்மாள் உள்ளே போய்த் தொட்டியைத் தூக்கி வந்து தவலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

கண்மணி உதட்டை அசைத்தாள். "எங்குரலுங்க இது" என்றது தவளை.

சிரிப்பு நின்றது. திருமலைச்சாமி மகனைப் பார்த்தார். சபையில் வாசித்த சீரை வேண்டாமென்று திருப்பிய வழக்கம் அந்த மலையில் கிடையாது. ஞானவேல் எழுந்து வந்து தொட்டியைத் தூக்கிக்கொண்டான்.

"வாசிச்சாச்சு, நம்ம சீரு. வழியில காத்து அடிக்கும். நனைச்ச சாக்கு ஒண்ணு குடுங்க அத்தை."

ஆடியில் கந்தம்மாள் ஒரு டப்பா நிறைய விட்டில் பிடித்துக்கொண்டு மன்னவனூர் போனாள். கண்மணி வாசலுக்கு ஓடி வந்தாள். கந்தம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய், தொட்டிக்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்று பதில் வந்தது. யாரைக் கேட்டாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.