முதுகு தரையில் பட்ட பிறகு

பாவ்ஷான் என் மார்பின் குறுக்கே விழுந்து படுத்தான். தொண்ணூறு கிலோ. அவன் தோள் என் தாடையைத் தள்ளி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பியது.

"இதுக்குள்ள இருந்து வெளிய வா, ருவோலன். வந்தா நாளைக்கு ஸியான் போட்டிக்குப் போ. இல்லன்னா வீட்ல கெட."

என் புருஷன்தான். லுவோயாங்கில் தரை மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறான். அவன் மாணவர்கள் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

என்னைப் போட்டிக்கு அனுப்ப அவன் பயந்ததற்குக் காரணம் இருந்தது. நான் தாய் சி என்ற தற்காப்புக் கலையைப் பரம்பரையாகப் பயில்கிற வீட்டுப் பெண். நின்றபடி கையால் ஒருவரையொருவர் தள்ளும் எங்கள் தள்ளுகைப் பந்தயத்தில் எதிராளியின் முதுகு தரையைத் தொட்டால் ஆட்டம் முடிந்தது. ஜெயித்தவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். போன வருஷம் ஸியானில் எல்லாக் கலைக்காரர்களும் மோதும் போட்டியில் தரை மல்யுத்தக்காரி ஒருத்தியை மல்லாக்கப் போட்டுவிட்டுக் கைநீட்டினேன். தரை மல்யுத்தத்துக்கு அங்கேதான் ஆட்டமே ஆரம்பம். அவள் கையைப் பிடித்து இழுத்துப் புரட்டியதில் என் விலா எலும்பு உடைந்தது.

"அக்கா, மேகத்தைத் தள்ளுற உங்க தாய் சி கை மாடு மேல படுத்தா வேலை செய்யுமா?" என்றான் ஒரு மாணவன்.

"யாருடா மாடு?" என்று பாவ்ஷான் இன்னும் அழுத்தினான்.

எனக்கு எரிச்சலாக வந்தது. தள்ளினால் செத்தேன்; அவனுக்குப் பலம் அதிகம். தோள், முதுகு, இடுப்பு என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். நிற்கும்போது பாதம் செய்கிற வேலையை இங்கே முதுகுதான் செய்ய வேண்டும். மூச்சு பாதிதான் வந்தது, கண் இருட்டியது.

"தூங்கிட்டியா? காலையில குடிச்ச மாட்டு சூப்பு மேல வந்துரப் போவுது."

பேசியதில் அவன் மூச்சு வெளியே போனது. பாரம் ஒரு பக்கம் சாய்ந்ததைத் தோலே சொன்னது. கையால் தள்ளவில்லை, இடுப்பைத் திருப்பினேன். கை அதன் பின்னால் போனது. அவன் உருண்டு மல்லாந்தான்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். எழுந்து நின்று கையை நீட்டிவிட்டேன், பாவி.

அவன் அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினான். இரண்டு கால்களும் என் கழுத்துக்கும் மார்புக்கும் குறுக்கே வந்தன. முழங்கால் போட்டு விழுந்தேன். முழங்கை நீண்டு எரிந்தது.

"தட்டு," என்றான்.

தட்டினால் தோல்வி. நான் தட்டவில்லை. முழங்கைக்குள் ஏதோ நெரிந்தது. அவன் சட்டென்று பிடியை விட்டான்.

"போ. ஸியானுக்குப் போய்த் தொலை."

"யாரு உன்ன விடச் சொன்னா?"

"கை ஒடஞ்சிருக்கும்டி."

"அங்க என் விலாவ ஒடச்சவ விடுவாளா? திரும்பப் போடு. நீ மறுபடி விட்டுட்டா இனிமே உன்கூட இந்த விரிப்புல கால் வைக்க மாட்டேன்."

அவன் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் என் கையைப் பிடித்தான், கால்களைப் போட்டான், இழுத்தான். இந்த முறை நிஜமாகவே. பிடி இளகவே இல்லை. அந்த நேரத்தில் அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று சொல்லி மாளாது.

கையைப் பிடுங்கவில்லை. இடுப்பை இறக்கினேன், என் கட்டைவிரல் காட்டிய பக்கம் உடம்பு முழுவதையும் முறுக்கினேன். முழங்கை அவன் வயிற்றை உரசிக்கொண்டு நழுவி வெளியே வந்தது. மடங்கிய அவன் கால்களைத் தள்ளிவிட்டு மேலே விழுந்தேன். என் தோள் அவன் தாடையில் ஏறியது.

அவன் முதுகு தரையில்தான் இருந்தது. என் உடம்பு எழப் பார்த்தது. நான் எழவிடவில்லை.

"மூச்சு முட்டுதுடி," என்றான்.

"தெரியுது."

அழுத்தினேன். கடைசியில் அவன் உள்ளங்கை என் முதுகில் இரண்டு முறை தட்டியது. அப்புறமும் அங்கேயே கிடந்தது.

"ரயில் எத்தன மணிக்கு?" என்று கீழேயிருந்து கேட்டான்.